பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குதல்

கணினிப் பாடம்: ஜாவாஸ்கிரிப்ட்



பட்டியல் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இலும், 2004 டிசெம்பர் கடற்கோளின் பின்னரும், 2006 இலும் நமது மாவட்டத்து மக்கள் பட்டியல்களோடுதான் வாழ்ந்தார்கள். உலர் உணவுப் பட்டியல், தறப்பாள் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல், காணிப் பட்டியல் என்று எத்தனையோ. பெயர் இருந்தால் மா, பருப்பு, சீனி கிடைக்கும். பெயர் இல்லாவிட்டால் ‘அடுத்த கிழமை வந்து பாருங்கள்’ என்ற பதில் கிடைக்கும்.

அன்று அந்தப் பட்டியல்கள் கொப்பியில் இருந்தன. ஒரு பெயரை வெட்டினால் வெட்டிய கோடு தெரிந்தது. கோட்டின் கீழே பெயரும் தெரிந்தது. இன்று கமக்காரர் அமைப்பின் உரப் பட்டியலையும், மாதர் சங்கத்தின் கடன் பட்டியலையும் கணினியில் வைத்திருக்கிறோம். அவற்றைத் தட்டெழுதுவது பெரும்பாலும் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படித்த நமது பிள்ளைகளே. கணினியில் ஒரு பெயரை நீக்கினால் கோடு தெரியாது. ஆகவே நீக்குவதை முறையாகப் படித்துக்கொள்வது அவசியம். பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்திருந்து இந்தப் பாடத்தை வாசியுங்கள். கணக்கு அறிவு அதிகம் தேவையில்லை. வரிசையில் நின்ற அனுபவம் போதும்.

குடங்களின் வரிசை

ஜாவாஸ்கிரிப்ட் என்பது இணைய உலாவிக்குள் இயங்கும் கணினி மொழி. 1995 இல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார். (பெயரில் ஜாவா இருந்தாலும் ஜாவா என்பது வேறொரு மொழி. இந்தப் பெயர்க் குழப்பம் இன்றுவரை தீரவில்லை.) 1997 யூனில் அதற்கு முதலாவது பொது நியமம் வெளியானது. இதைப் படிக்கத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கணினியில் உலாவியைத் திறந்து, ‘எஃப் 12’ என்ற விசையை அழுத்தினால் வரும் பலகையில் ‘கொன்சோல்’ என்ற பகுதி இருக்கும். அங்கே கட்டளைகளை எழுதிப் பார்க்கலாம். இணைய இணைப்பும் தேவையில்லை.

பல பொருட்களை ஒழுங்காக அடுக்கி ஒரே பெயரில் வைப்பதை இந்த மொழியில் ‘அரே’ என்பார்கள். பாடநூல்களில் ‘அணி’ என்று இருக்கும். நாம் பட்டியல் என்றே சொல்வோம். உதாரணத்திற்கு ஆறு குடும்பங்களை வைத்துக்கொள்வோம். பெயர்கள் கற்பனையே.

பட்டியல் = [“கந்தையா”, “யோகம்மா”, “மரியதாஸ்”, “சுலைமான்”, “பொன்னம்மா”, “ராசாத்தி”]

கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டெழுத வேண்டும். இங்கு அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறோம். எழுத்துக்கூட்டலைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் ‘பட்டியல்’ என்று நாம் இட்ட பெயரையும், உள்ளே உள்ள குடும்பங்களின் பெயர்களையும் தமிழிலேயே எழுதலாம். மொழி அதனை ஏற்றுக்கொள்ளும்.

முகாமில் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிழலில் இருந்தது நினைவிருக்கிறதா? இந்தப் பட்டியலும் அப்படியொரு வரிசை. ஒரேயொரு வித்தியாசம், எண்ணுவது பூச்சியத்தில் தொடங்கும். கந்தையாவின் குடம் 0 ஆம் இடத்தில், யோகம்மாவின் குடம் 1 ஆம் இடத்தில், ராசாத்தியின் குடம் 5 ஆம் இடத்தில். மொத்தம் ஆறு.

கடைசிக் குடத்தை எடுக்கும் கட்டளை ‘பொப்’. முதற் குடத்தை எடுக்கும் கட்டளை ‘ஷிப்ட்’. ‘ஷிப்ட்’ செய்தவுடன் மற்ற எல்லாக் குடங்களும் ஒரு இடம் முன்னே நகரும். இவை இரண்டும் இலேசானவை. சிக்கல் நடுவிலிருந்து எடுக்கும்போதுதான் வருகிறது.

ஓட்டை விடும் கட்டளை

‘நீக்கு’ என்ற பொருள் தரும் ‘டிலீட்’ என்ற சொல் இந்த மொழியில் உண்டு. புதிதாகப் படிப்பவர் முதலில் கை வைப்பது இதில்தான். டிலீட் பட்டியல்[1] என்று எழுதினால் யோகம்மாவின் குடம் போய்விடும். ஆனால் அந்த இடம் வெறுமையாக அப்படியே இருக்கும். பின்னால் உள்ள குடம் எதுவும் நகராது. பட்டியலின் நீளத்தைக் கேட்டால் கணினி இன்னும் ஆறு என்றே சொல்லும்.

அந்த எண்ணை நம்பி ஆறு பொட்டலம் கட்டினால் ஒன்று மிஞ்சும். மிஞ்சிய பொட்டலத்துக்குக் கணக்குக் கேட்டால், பங்கிட்ட தொண்டர்தான் தலைகுனிந்து நிற்பார். ஆகவே பட்டியலில் பெயர் நீக்க ‘டிலீட்’ வேண்டாம். அது வேறு வேலைக்கு உரியது.

நடுவிலிருந்து எடுத்தல்

நடுவிலிருந்து எடுத்து, இடைவெளியை மூடும் கட்டளை ‘ஸ்பிளைஸ்’. கயிற்றின் இரு முனைகளைப் புரியவிழ்த்துப் பின்னி ஒன்றாக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் கடற்றொழிலாளரும் அந்த வேலையை நன்கு அறிவார்கள்.

பட்டியல்.ஸ்பிளைஸ்(1, 1)

முதல் எண் எந்த இடத்திலிருந்து என்பது. இரண்டாம் எண் எத்தனை பேரை என்பது. இப்போது யோகம்மா நீங்கி, மரியதாஸ் 1 ஆம் இடத்துக்கும் சுலைமான் 2 ஆம் இடத்துக்கும் வந்துவிடுவார்கள். நீளம் ஐந்து.

இரண்டாம் எண்ணை எழுத மறந்தால் என்ன நடக்கும்? ஸ்பிளைஸ்(1) என்று மட்டும் எழுதினால் 1 ஆம் இடத்திலிருந்து கடைசிவரை உள்ள எல்லோரும் நீங்கிவிடுவார்கள். கந்தையா ஒருவரே மிஞ்சுவார். ஒரு குடும்பத்தை எடுக்கப் போய் ஒரு ஒழுங்கையையே எடுத்த மாதிரி.

இன்னொன்று. ‘ஸ்பிளைஸ்’ தான் நீக்கியவர்களைத் தனியொரு பட்டியலாக நமது கையில் திருப்பித் தரும். அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது:

நீங்கியோர் = பட்டியல்.ஸ்பிளைஸ்(1, 1)

ஆனால் இடப்பக்கத்தில் ‘நீங்கியோர்’ என்பதற்குப் பதிலாக ‘பட்டியல்’ என்றே எழுதிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். நீக்க வேண்டியவர் மட்டும் பட்டியலில் இருப்பார். மற்ற அனைவரும் காணாமற் போவார்கள். ‘ஸ்லைஸ்’ என்று ஒலியில் நெருங்கிய வேறொரு கட்டளையும் உண்டு. அது மூலப் பட்டியலைத் தொடாமல் ஒரு பகுதியின் பிரதியை மட்டும் தரும். ஓர் எழுத்து வித்தியாசம்தான், ஆகவே தட்டெழுதும்போது நிதானம் வேண்டும்.

தேடிய பெயர் இல்லாதபோது

இனிச் சொல்வது இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி. இதை எழுதுபவரின் கையாலேயே நடந்த பிழை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

பெரும்போகத்துக்கு விதைநெல் பங்கிடுவதற்காக ஒரு சிறிய சங்கத்தின் பட்டியலைக் கணினியில் வைத்திருந்தேன். நாற்பத்திரண்டு குடும்பங்கள். அவற்றுள் ஒரு குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. அங்கே வேறு சங்கத்தில் பதிந்துகொண்டதாக அவர்களே வந்து சொன்னார்கள். ஆகவே அந்தப் பெயரை நீக்க வேண்டும். பெயர் எந்த இடத்தில் உள்ளது என்று தேடித்தரும் கட்டளை ‘இன்டெக்ஸ்ஓவ்’. அது தரும் எண்ணை அப்படியே ‘ஸ்பிளைஸ்’ இடம் கொடுத்தேன். இப்படித்தான் பலரும் எழுதுவார்கள்:

பட்டியல்.ஸ்பிளைஸ்(பட்டியல்.இன்டெக்ஸ்ஓவ்(“யோகம்மா”), 1)

நீளத்தைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. சரியென்று அச்சடித்தேன். பங்கீட்டு நாளில், பதிவேட்டில் கடைசியாகச் சேர்ந்த ஒரு தாய் வெறும் சாக்கோடு வந்து கடைசிவரை நின்றார். அவர் பெயர் அழைக்கப்படவே இல்லை. ஊர் திரும்பிய குடும்பத்தின் பெயரோ தாளில் அப்படியே இருந்தது.

நடந்தது இதுதான். தேடிய பெயர் கிடைக்காவிட்டால் ‘இன்டெக்ஸ்ஓவ்’ வாய்திறந்து ‘இல்லை’ என்று சொல்லாது. –1 என்ற எண்ணைத் தரும். ‘ஸ்பிளைஸ்’ இடம் –1 என்று சொன்னால் அது ‘பின்னாலிருந்து முதலாவது’ என்று விளங்கிக்கொள்ளும். ஆகவே கடைசிப் பெயரை நீக்கிவிடும். இரண்டு கட்டளைகளும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தன. எண்ணிக்கையும் ஒன்று குறைந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வழக்கத்தில் பட்டியலின் கடைசியில் இருப்பவர் யார்? பிந்தி வந்து பதிந்தவர். வேறு முகாமிலிருந்து மாறி வந்தவர், இந்தியாவிலிருந்து திரும்பியவர், கணவனை இழந்து தனியாகப் பதிந்தவர். அவர்களுக்காகக் கேட்பதற்கு ஆளும் குறைவு.

ஆகவே தேடிய விடையை முதலில் ஒரு பெயரில் வாங்கி வையுங்கள். அது –1 ஆக இருந்தால் எதையும் நீக்காமல் நில்லுங்கள். அது பூச்சியத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ‘ஸ்பிளைஸ்’ செய்யுங்கள். ஒரு வரி அதிகம், அவ்வளவுதான்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

பட்டியலில் யோகம்மா இருந்தார்தானே, ஏன் கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தமிழை யூனிகோட் முறையில் சேமிக்கும்போது ‘யோ’ என்பதன் ஓகாரக் குறியை இரண்டு விதமாக வைக்கலாம். முழுக் குறியையும் ஒரே எழுத்தாக வைக்கலாம். அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனி இரு எழுத்தாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், தாளிலும் அப்படியே. ஆனால் கணினி ஒப்பிடும்போது அவை வேறு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் பதிந்த பெயரை வேறொரு விசைப்பலகையில் தட்டெழுதித் தேடினால் இப்படி நேரலாம். பொன்னம்மா, கௌரி போன்ற பெயர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கந்தையாவுக்கும் சுலைமானுக்கும் இல்லை.

இதற்கு மருந்து 2015 முதல் மொழியிலேயே இருக்கிறது. ‘நோமலைஸ்’ என்ற கட்டளை இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். பட்டியலில் உள்ள பெயரையும் தேடும் பெயரையும் அதற்குள் செலுத்திய பின்னரே ஒப்பிட வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்புகளின் கதை வேறு. அங்கே திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் தேடவே முடியாது. பெயரின் பின்னால் தவறுதலாக ஒரு வெற்றிடம் தட்டுப்பட்டிருந்தாலும் தேடல் தோற்கும்.

சுற்றி வரும்போது தவறவிடுதல்

சில வேளைகளில் ஒருவரையல்ல, ஊர் திரும்பிய எல்லோரையும் நீக்க வேண்டியிருக்கும். அப்போது 0 ஆம் இடத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகும் சுற்று ஒன்றை எழுதுவோம். மேலே கண்ட ஆறு பேரில் யோகம்மாவும் மரியதாஸும் ஊர் திரும்பியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 ஆம் இடத்தில் யோகம்மாவைக் கண்டு நீக்குகிறோம். உடனே மரியதாஸ் 1 ஆம் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். நாமோ அடுத்ததாக 2 ஆம் இடத்தைப் பார்க்கப் போகிறோம். மரியதாஸை யாரும் பார்க்கவே இல்லை. அவர் பெயர் தங்கிவிடும்.

மண்வீட்டின் தரையை மெழுகும் பெண்கள் வாசலில் தொடங்கி உள்ளே போவதில்லை. உள்மூலையில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து வாசலுக்கு வருவார்கள். அதுபோல இங்கும் கடைசி இடத்திலிருந்து பூச்சியத்தை நோக்கி வந்தால், நீக்கும்போது நகர்பவர்கள் எல்லோரும் நாம் ஏற்கனவே பார்த்தவர்களே. யாரும் தவறமாட்டார்கள்.

விதைநெல் தெரிவு போல

இன்னும் சுலபமான வழி ஒன்று 2009 இல் வந்த நியமத்தோடு மொழியில் சேர்ந்தது. அதன் பெயர் ‘பில்டர்’. உப்புநீரில் விதைநெல்லைப் போட்டால் மணி தாழும், பதர் மிதக்கும். நாம் வைத்துக்கொள்வது தாழ்ந்ததை. ‘பில்டர்’ உம் அப்படியே. யாரை நீக்குவது என்று அதனிடம் சொல்வதில்லை. யாரை வைத்துக்கொள்வது என்று சொல்கிறோம். நிபந்தனைக்குப் பொருந்தியவர்களை மட்டும் கொண்ட புதுப் பட்டியலை அது தரும். பழைய பட்டியல் அப்படியே இருக்கும்.

புதிய = பட்டியல்.பில்டர்(பெயர் => பெயர் !== “யோகம்மா”)

ஆச்சரியக்குறியும் இரண்டு சமக்குறிகளும் சேர்ந்தால் ‘சமமல்ல’ என்று பொருள். இங்கே –1 என்ற பொறி இல்லை. தேடிய பெயர் கிடைக்காவிட்டால் யாரும் நீங்கமாட்டார்கள், நீளமும் குறையாது. குறையாத நீளத்தைக் கண்டவுடன் ஏதோ பிழை என்று நமக்கே தெரிந்துவிடும். அதனால்தான் புதிதாகப் பழகுபவர்களுக்கு ‘ஸ்பிளைஸ்’ ஐ விட ‘பில்டர்’ ஐயே நான் பரிந்துரைப்பேன். விடையைப் புதிய பெயரில் வாங்கி வைக்க மறக்கக்கூடாது, அவ்வளவே.

இதிலும் ஒரு கவனம் தேவை. ஒரே பட்டியலில் இரண்டு யோகம்மாக்கள் இருந்தால் ‘பில்டர்’ இருவரையும் நீக்கிவிடும். ‘இன்டெக்ஸ்ஓவ்’ என்றால் முதலில் நிற்பவரையே காட்டும். அவர் சரியான யோகம்மாதானா என்று அதற்குத் தெரியாது. ஒரே பெயர் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு இருப்பது நமது கிராமங்களில் வழமை. ஆகவே பெயரையும் இடத்தையும் நம்பாமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத ஓர் இலக்கம் கொடுங்கள். இட எண் ஒருவர் நீங்கியதும் மாறும். குடும்ப இலக்கம் மாறக்கூடாது. நீங்கியவரின் இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

நீக்கத்தான் வேண்டுமா?

சம்பூரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். 2007 மே மாதம் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. 2015 இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணி 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். 2006 இல் பதினைந்து வயதாயிருந்த பிள்ளை, 2016 இல் இருபத்தைந்து வயதுக் குடும்பத்தலைவி.

இவ்வளவு காலத்தில் உறவினர் வீட்டுக்குப் போன குடும்பத்தை உலர் உணவுப் பட்டியலிலிருந்து நீக்குவது சரியாகவே இருக்கலாம். ஆனால் காணி திரும்பும் நாளில் ‘இக்குடும்பம் இந்த ஊரில் இருந்தது’ என்று காட்ட, அதே பழைய பட்டியல் தேவைப்படும். கொப்பியில் வெட்டிய கோட்டின் கீழே அந்தப் பெயர் இருக்கும். ‘ஸ்பிளைஸ்’ செய்த பட்டியலில் அது இருக்காது.

ஆகவே நமது சங்கங்களின் பட்டியலில் பெயரை எடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு குடும்பத்தோடும் ‘நிலை’ என்றொரு குறிப்பை வைப்பது மேல். நிலை ‘உள்ளார்’ அல்லது ‘நீங்கினார்’. நீங்கினால் திகதியும் காரணமும் சேர்த்து எழுதுங்கள். பங்கீட்டு நாளில் ‘பில்டர்’ செய்து ‘உள்ளார்’ என்றிருப்பவர்களை மட்டும் அச்சடிக்கலாம். மூலப் பட்டியலில் எல்லோரும் இருப்பார்கள். திரும்பி வந்தால் நிலையை மாற்றினால் போதும்.

செய்து பாருங்கள்

மேலே உள்ள ஆறு பெயர்களையும் கொன்சோலில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத ஒரு பெயரை ‘இன்டெக்ஸ்ஓவ்’ கொண்டு தேடி, வரும் எண்ணை ‘ஸ்பிளைஸ்’ இடம் கொடுத்துப் பாருங்கள். ராசாத்தி எங்கே போனார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

பின்னர் பட்டியலை மீண்டும் எழுதி, முன்னாலிருந்து செல்லும் சுற்றினால் யோகம்மாவையும் மரியதாஸையும் நீக்க முயலுங்கள். தங்கியவர் யார்? அதே வேலையைப் பின்னாலிருந்து செய்து பாருங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட ஒரு கேள்வி: உங்கள் சங்கத்தின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கும் முன், அந்தக் குடும்பத்துக்கு யார், எவ்வாறு அறிவிக்கிறார்கள்? அது எங்கே எழுதி வைக்கப்படுகிறது?